ஒரு தொகுதி எப்படி உருவாகிறது? வடசென்னைக் கடலோரத்தை வைத்து ஒரு விளக்கம்

ராயபுரம் என்று சொன்னால் அது மூன்று வெவ்வேறு நிலப்பரப்புகளில் எதையும் குறிக்கலாம். ராயப்பர் (புனித பேதுரு) தேவாலயத்தைச் சுற்றி வளர்ந்த பழைய ஊர் ஒன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்ட நிலையம் இன்றும் அங்கேதான் நிற்கிறது. சென்னை மாநகராட்சியின் 5-வது மண்டலம் இன்னொன்று. 17 என்ற எண் கொண்ட சட்டமன்றத் தொகுதி மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே பெயர், எல்லைகள் மட்டும் வேறு வேறு. ஜார்ஜ் டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிக் கணக்கில் அது ராயபுரம் மண்டலத்தில் வரும். ஓட்டுப் போடும்போது அதன் பெரும்பகுதி துறைமுகம் தொகுதிக்குப் போய்விடும்.

தொகுதி என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் குழப்பத்திலிருந்து தொடங்குவதுதான் நல்லது. தொகுதி என்பது ஊர் அல்ல. ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகையை ஒன்றாகச் சேர்த்து, அதைச் சுற்றிக் காகிதத்தில் போட்ட கோடு. அந்தக் கோட்டுக்குள் இருப்பவர்கள் சேர்ந்து ஒரே ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோட்டுக்கு ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக உள்ளே இருக்கும் ஓர் ஊரின் பெயரையோ, மறைந்த தலைவர் ஒருவரின் பெயரையோ வைக்கிறார்கள். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கோடு நகரும். பெயர் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடும்.

வடசென்னைக் கடற்கரையில் தெற்கிலிருந்து வடக்கே போனால் நான்கு தொகுதிகள் அடுத்தடுத்து வரும்: துறைமுகம் (எண் 18), ராயபுரம் (17), ஆர்.கே. நகர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் (11), திருவொற்றியூர் (10). எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டினால் பொன்னேரி தொகுதி (எண் 2). மேலே சொன்ன நான்கில் துறைமுகம் மட்டும் மத்திய சென்னை மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. மற்ற மூன்றும் பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர் ஆகியவற்றோடு சேர்ந்து வடசென்னை மக்களவைத் தொகுதியாகின்றன. தமிழ்நாட்டில் எங்கே பார்த்தாலும் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள்தான். 39 மக்களவைத் தொகுதிகளை ஆறால் பெருக்கினால் 234 வரும்.

கோடு போடும் கணக்கு

சட்டமன்றத்தின் மொத்த இடங்கள் எப்போதும் 234 ஆக இருந்ததில்லை. ஆந்திரப் பகுதிகளும் சேர்ந்திருந்த 1952 சென்னை மாகாணத்தில் 375 இடங்கள். மொழிவழி மாநிலப் பிரிப்புக்குப் பின் 1957-ல் 205, 1962-ல் 206, 1967 முதல் 234. முதல் இரண்டு தேர்தல்களில் ஒரே தொகுதியிலிருந்து இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் இருந்தன. 1961-ல் வந்த சட்டம் அந்த முறையை ஒழித்தது. பழைய தேர்தல் முடிவுகளைப் புரட்டும்போது ஒரு தொகுதிக்கு இரண்டு வெற்றியாளர்கள் தெரிந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போதுள்ள எல்லைகளை வகுத்தது நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம். 2001 மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு தயாரான அதன் ஆணை 2008-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2009 மக்களவைத் தேர்தலும் 2011 சட்டமன்றத் தேர்தலும்தான் அந்த எல்லைகளில் முதன்முதலாக நடந்தவை.

கணக்கு கடினமானதல்ல, நீங்களே போட்டுப் பார்க்கலாம். 2001-ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. அதை 234-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 2,66,691 பேர். அன்றைய சென்னை மாவட்டத்தில் இருந்தவர்கள் 43,43,645 பேர். சராசரியால் வகுத்தால் 16.29 கிடைக்கும். எனவே சென்னைக்கு 16 தொகுதிகள். அதற்கு முன் 14 இருந்தன. அந்தப் 14 தொகுதிகள் 1971 மக்கள்தொகையை வைத்து வரையப்பட்டவை. பூங்கா நகர், புரசைவாக்கம் போன்ற பழைய பெயர்கள் மறைந்ததும் கொளத்தூர், திரு.வி.க. நகர் போன்றவை வந்ததும் இந்த மறுவரையறையில்தான்.

எண்ணிக்கை முடிவானபின் எல்லை. நிலம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஆறு கால்வாய் போன்ற இயற்கை அமைப்புகளையும் நிர்வாக எல்லைகளையும் போக்குவரத்து வசதியையும் மக்களின் சௌகரியத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது மறுவரையறைச் சட்டம். பட்டியலினத்தவருக்கான தனித் தொகுதிகளை, அவர்களின் விகிதம் அதிகமாக உள்ள பகுதிகளில், மாநிலத்தின் பல பாகங்களிலும் பரவும்படி ஒதுக்குகிறார்கள். வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள் இருக்கும் தனித் தொகுதி திரு.வி.க. நகர். ஆணையத்தின் இறுதி ஆணையை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால் வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிப்பதுதான் பொதுமக்களுக்கு உள்ள உண்மையான வாய்ப்பு. அந்த நேரத்தில் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை என்பது வருத்தமான விஷயம்.

மக்கள் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள், கோடு அப்படியே நிற்கிறது. விளைவு என்ன? 2021 ஜனவரி வாக்காளர் பட்டியலில் மாநிலத்திலேயே மிகக் குறைந்த வாக்காளர்கள் கொண்ட தொகுதி துறைமுகம், சுமார் 1.76 லட்சம் பேர். மிக அதிகம் சோழிங்கநல்லூர், ஏறத்தாழ 6.95 லட்சம் பேர். இரண்டுக்கும் ஆளுக்கொரு எம்.எல்.ஏ.தான். துறைமுகம் தொகுதியின் சௌகார்பேட்டையில் வீடுகள் கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாறின, தெற்கே கணினி நிறுவனங்களைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்தன. நகரின் கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்குப் போனதும் இந்தக் கணக்கில் சேர்கிறது. பெரும்பாக்கம் இருப்பது சோழிங்கநல்லூர் தொகுதியில்.

கடல் போடும் கோடு

ஆணையம் போட்ட கோடுகளைக் கடல் மதிப்பதில்லை. வடசென்னைத் தொகுதிகளின் அரசியலை அறிய இந்தக் கடலோரத்தின் இயல்பைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சோழமண்டலக் கடற்கரையில் தென்மேற்குப் பருவத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போகும் மணலே அதிகம். 19-ம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் எழுந்தபோது, இந்த மணல் ஓட்டம் தடைபட்டது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்துக்கும் அதற்கு அப்பாலும் வரவேண்டிய மணல் வரவில்லை. அலை கரையைத் தின்னத் தொடங்கியது. மெரினாவின் அகலமும் ராயபுரத்தின் கல் கரையும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள்.

அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டுகிறார்கள். கல் கொட்டிய இடம் நிற்கும், அதன் வடமுனையில் அரிப்பு தொடங்கும். கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு கட்டினாலும் அப்படித்தான்: அதன் தெற்குப் பக்கத்தில் மணல் சேரும், வடக்குப் பக்கத்தில் குறையும். ஆகவே ராயபுரத்தில் செய்யும் வேலையின் விளைவு ஆர்.கே. நகரிலும், ஆர்.கே. நகரில் செய்வதன் விளைவு திருவொற்றியூரிலும் தெரியும். ஒரு தொகுதியின் கோரிக்கை நிறைவேறும்போது அடுத்த தொகுதியின் குப்பத்தில் வீடு இடியலாம். ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாகக் கல் கேட்பதை விட, துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை மொத்தக் கரைக்கும் ஒரே திட்டம் கேட்பதுதான் பொருத்தம்.

எண்ணூர் முகத்துவாரத்திலும் இதே சிக்கல், இன்னும் கூர்மையாக. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் அது. தென்கரை திருவொற்றியூர் தொகுதி, வடசென்னை மக்களவை, சென்னை மாவட்டம். வடகரை பொன்னேரி தொகுதி, திருவள்ளூர் மக்களவை, திருவள்ளூர் மாவட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் இந்த முகத்துவாரத்துக்குள் வந்தபோது, இரு கரை மீனவர்களின் வலையும் படகும் ஒன்றாகத்தான் கறுத்தன. அவர்கள் பேச வேண்டியிருந்ததோ இரண்டு எம்.எல்.ஏ., இரண்டு எம்.பி., இரண்டு ஆட்சியர்களோடு. தண்ணீர் ஒன்று, மனு பல.

அதிகாரப் பங்கீட்டிலும் கடலோரத் தொகுதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம், ரயில்வே நிலம் எல்லாம் மத்திய அரசின் பொறுப்பு. மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது, ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள கடலோடு மாநிலத்தின் அதிகாரம் முடிகிறது. அதைத் தாண்டிய மீன்பிடிப்பு மத்திய அரசிடம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல்களும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகின்றன. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் நாட்களை ஒட்டிப் பிரச்சாரம் நடப்பதால், தடைக்கால நிவாரணத் தொகை இந்தத் தொகுதிகளில் பெரிய வாக்குறுதியாகிவிடுகிறது.

யார் யார் வென்றார்கள்

துறைமுகம், நெசவாலை, மீன்பிடிப்பு, ரயில்வே ஆகிய நான்கு உழைப்புகளின் மேல் எழுந்தது வடசென்னை அரசியல். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் திரு.வி.க. முன்னின்றார். 1923 மே 1 அன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலிருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். வயதுவந்த அனைவரும் வாக்களித்த முதல் தேர்தலில், 1952-ல், வண்ணாரப்பேட்டை தொகுதி கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவானந்தத்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1957-ல் வடசென்னை மக்களவைத் தொகுதியில் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை சுயேச்சையாக வென்றார்.

திராவிட இயக்கத்தின் தடமும் இங்கே ஆழமானது. 1949 செப்டம்பர் 17-ல் ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவில் தி.மு.க. உருவானது. மறுநாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தொடக்கக் கூட்டம் நடந்தது. கட்சி பிறந்த தெருவும் முதல் மேடையும் இந்தக் கடலோரத்தில்தான்.

1977 முதல் 2021 வரை நடந்த 11 பொதுத் தேர்தல்களில் ராயபுரம் எப்படி வாக்களித்தது என்று பாருங்கள். 1977, 1980, 1984 மூன்றிலும் மாநிலத்தில் எம்.ஜி.ஆர். ஆட்சி அமைத்தார். ராயபுரம் மூன்று முறையும் தி.மு.க.வின் பொன்னுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தது. 1989-ல் தி.மு.க.வின் மதிவாணன், 1991-ல் அ.தி.மு.க.வின் டி. ஜெயக்குமார், 1996-ல் மீண்டும் மதிவாணன். பிறகு 2001, 2006, 2011, 2016 என நான்கு முறை தொடர்ந்து ஜெயக்குமார். அதில் 2006-ல் ஆட்சிக்கு வந்தது தி.மு.க. 2021-ல் தி.மு.க.வின் ஐட்ரீம் ஆர். மூர்த்தி. ஆக, மாநில அலைக்கு எதிராக நிற்கத் தயங்காத தொகுதி இது.

ஆனால் இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 2006-ல் வாக்களித்த ராயபுரமும் 2011-ல் வாக்களித்த ராயபுரமும் ஒரே நிலம் அல்ல, இடையில் மறுவரையறை வந்துவிட்டது. இரண்டு தேர்தல்களின் வாக்கு விகிதத்தை அருகருகே வைத்து இத்தனை சதவீதம் சரிந்தது, ஏறியது என்று சொல்லும் கட்டுரைகள் இந்த இடத்தில் தவறிவிடுகின்றன. 1971-க்கும் 1977-க்கும் இடையிலும் இதே போன்ற முறிவு உண்டு. வண்ணாரப்பேட்டை என்ற தொகுதிப் பெயர் அப்போதுதான் மறைந்தது, ஆர்.கே. நகர் பிறந்தது. ஒப்பிட விரும்பினால் 1977 முதல் 2006 வரை ஒரு தொகுப்பு, 2011-லிருந்து இன்னொரு தொகுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

துறைமுகம் சிறிய தொகுதி என்பதால் சிறிய வித்தியாசமும் முடிவைப் புரட்டும். 1989-ல் அங்கே வென்றுதான் கருணாநிதி மூன்றாம் முறை முதல்வரானார். ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் தி.மு.க. துடைத்தெறியப்பட்ட 1991-லும் அவர் அதே தொகுதியில் வென்றார், வெறும் 890 வாக்குகளில். 1996 முதல் 2006 வரை மூன்று முறை க. அன்பழகன். திருவொற்றியூரில் மீனவச் சமூகத்தைச் சேர்ந்த கே.பி.பி. சாமி 2006-ல் வென்று மீன்வளத் துறை அமைச்சரானார். 2016-லும் அவரே வென்றார்.

இடைத்தேர்தல்: ஆர்.கே. நகர் கற்றுத்தரும் பாடம்

ஒரு தொகுதி காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தாலோ, ஆறு மாதத்துக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்றளித்தாலோ விலக்கு உண்டு. அவையில் உறுப்பினராக இல்லாத ஒருவர் முதல்வரானால் அவரும் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும்.

2015-ல் வழக்கிலிருந்து விடுதலையாகி மீண்டும் முதல்வரான ஜெயலலிதாவுக்காக ஆர்.கே. நகர் எம்.எல்.ஏ. வெற்றிவேல் பதவி விலகினார். ஜூன் 27-ல் இடைத்தேர்தல் நடந்தது. 2016 பொதுத் தேர்தலிலும் ஜெயலலிதா அங்கேயே வென்றார், டிசம்பர் 5-ல் மறைந்தார். 2017 ஏப்ரல் 12-க்கு அறிவிக்கப்பட்ட இடைத்தேர்தல், பணப்பட்டுவாடா புகாரால் வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு ரத்தானது. டிசம்பர் 21-ல்தான் மறுபடி நடந்தது. களத்தில் 59 வேட்பாளர்கள். ஒரு வாக்குப்பதிவு அலகில் 16 பொத்தான்கள்தான், நோட்டாவையும் சேர்த்து 60 வரிசை வேண்டும். எனவே ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் நான்கு அலகுகளை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது.

குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 89,013 வாக்குகள் பெற்றார், அ.தி.மு.க.வின் மதுசூதனன் 48,306, தி.மு.க.வின் மருதுகணேஷ் 24,651. வித்தியாசம் 40,707. டெபாசிட் எப்படிப் போகிறது என்பதற்கும் இதுவே நல்ல எடுத்துக்காட்டு. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால்தான் 10,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு அந்தத் தொகை 5,000. பதிவானவை சுமார் 1.76 லட்சம், ஆறில் ஒரு பங்கு சுமார் 29 ஆயிரம். 24,651 அதற்குக் கீழே.

திருவொற்றியூரில் நேர்மாறாக நடந்தது. 2020 பிப்ரவரியில் கே.பி.பி. சாமி இறந்தபோது ஓராண்டுக்கு மேல் பதவிக்காலம் மிச்சமிருந்தது. கொரோனாவால் இடைத்தேர்தல் நடக்கவே இல்லை. 2021 பொதுத் தேர்தல் வரை அந்த மக்களுக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லாமல் போனது. அந்தத் தேர்தலில் வென்றவர் அவருடைய தம்பி கே.பி. சங்கர்.

உங்கள் பெயர் எந்தக் கோட்டுக்குள்?

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்ற பெயர்களை வைத்துத் தொகுதியைச் சொல்லிவிட முடியாது. வாக்காளர் அடையாள அட்டையில் மூன்று எழுத்தும் ஏழு எண்ணும் கொண்ட எண் இருக்கும். அதைத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் இட்டால் தொகுதி எண், பாக எண், வரிசை எண் மூன்றும் வரும். 1950 என்ற எண்ணுக்குப் பேசியும் கேட்கலாம். பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடிக்கான தெருக்களின் தொகுப்பு. தேர்தல் நாளன்று உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது பாக எண்ணும் வரிசை எண்ணும்தான்.

புதிதாகச் சேரப் படிவம் 6, பெயர் நீக்கப் படிவம் 7, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. வீடு மாறியவர்கள் பலர் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்து, இரண்டு இடத்தில் பெயர் ஏறிச் சிக்கிக்கொள்கிறார்கள். அது சட்டப்படி தவறு, படிவம் 8 போதும். வடசென்னையில் அடிக்கடி வரும் இன்னொரு கோளாறு பழைய கதவு எண், புதிய கதவு எண். பட்டியலில் ஒன்றும் ஆதாரில் மற்றொன்றும் இருந்தால், சரிபார்க்க வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டைக் காணவில்லை என்று எழுதிவிடலாம். இரண்டு எண்களையும் வாசலில் எழுதி வையுங்கள், படிவத்திலும் இரண்டையும் குறிப்பிடுங்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு யாரையும் பட்டியலில் சேர்க்க முடியாது. விசாரணைக்கு நாள் தேவைப்படும் என்பதால் விண்ணப்பம் அதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போய்ச் சேர வேண்டும்.

எந்த வேலைக்கு யாரிடம் போவது? தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால் எல்லாம் மாநகராட்சி, முதலில் வார்டு கவுன்சிலர். குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம். சமுதாயக் கூடம், பள்ளிக் கட்டடம், ரேஷன் கடைக் கட்டடம் போன்றவற்றை எம்.எல்.ஏ. தன் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து செய்து தரலாம். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் தேங்கினால் எம்.பி.யையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் துறைமுக வாயில் மாநில அரசின் கையில் இல்லை.

கடைசியாக, எல்லையைத் தாங்களே வரைந்து பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. மறுவரையறை ஆணையில் சென்னைத் தொகுதிகள் வார்டு எண்களால் விவரிக்கப்பட்டிருக்கும். அவை 155 வார்டுகள் இருந்த காலத்து எண்கள். 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து வார்டுகள் 200 ஆனபோது எண்கள் எல்லாம் மாறிவிட்டன. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் ஆணையில் தனி நகராட்சிகளாகவே இருக்கும், இன்று அவை 1-வது மண்டலம். ஆணையில் உள்ள எண்ணை இன்றைய வார்டு வரைபடத்தோடு பொருத்தினால் தெருக்கள் தவறான தொகுதியில் போய் விழும். முதலில் பழைய 155 வார்டு வரைபடத்தைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், அதன்மேல் கோட்டைப் போடுங்கள், பிறகு பாக வாரியான வாக்காளர் பட்டியலில் உள்ள தெருப் பெயர்களோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.